கதவக்கா வீடு பார்த்த தெரு

கதவக்கா ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் விதமே தனி. மெதுவாக இரண்டு தட்டு, அவ்வளவுதான். தட்டிவிட்டுப் படியிறங்கித் தெருவின் எதிர்ப்பக்கம் போய், அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பவர்கள் ஜன்னல் வழியாக அவரை ஒரு பார்வை பார்க்கலாம். கலைந்து கிடக்கும் துணிகளைச் சுருட்டி எங்கேயாவது திணிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் திறக்காமலே இருந்துவிடலாம். "வந்து நிக்கிறது யாருன்னு பாத்துக்க அவங்களுக்கு நேரம் வேணாமா சார்?" என்பார். எனக்கு இதெல்லாம் வெட்டி வேலையாகத்தான் பட்டது. நான் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் இருப்பவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் கட்டை.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் போடுகிற என்னைத் தவிர அது யாருக்கும் ஞாபகமில்லை. தரை துடைப்பவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் கதவக்காதான். முன்பு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். மீட்டர்கள் தாமாகவே கணக்கை அனுப்பப் பழகிக்கொண்டதும் அந்த வேலை போயிற்று, இங்கே வந்து சேர்ந்தார். "அப்ப மீட்டரைப் பாத்தேன், இப்ப மனுஷங்களைப் பாக்குறேன். மீட்டர் காப்பி குடிக்கிறீங்களான்னு கேக்காது, அதுதான் வித்தியாசம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். முழங்கைக்குக் கீழே ஒரு நாய்க்கடித் தழும்பு உண்டு. அவர் வீட்டுக்காரர் வாடகை வண்டி ஓட்டுகிறவர். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கிவிடும்போதெல்லாம், "பாத்துடி, இன்னொரு கை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லாமல் போகமாட்டார்.

அவர் வேலை என்ன என்று சொல்வதற்கு எங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது லாபத்துக்கு நடத்துகிற இடமில்லை. நோயாளிகள் கட்டுகிற பணத்தில் செலவு போக மிஞ்சுவதும், மனசுள்ளவர்கள் கொடுப்பதும் தர்ம நிதி என்ற தனிக் கணக்கில் சேரும். முடியாதவர்களுக்கு அதிலிருந்துதான் வைத்தியம். உயிருக்கு ஆபத்து என்று தூக்கி வரப்படுகிறவரிடம் நாங்கள் எதுவும் கேட்பதில்லை. முதலில் வைத்தியம், மற்றப் பேச்செல்லாம் பிறகு. ஆனால் நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால், யாருக்கு முழு இலவசம், யாருக்குப் பாதி, யாருக்கு இல்லை என்பதை ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். பெரிய சிஸ்டர் என்று நாங்கள் கூப்பிடும் தலைமை நர்ஸ், டிரஸ்ட் சார்பில் வரும் ஓர் இரும்புக்கடை முதலாளி, அப்புறம் நான். டாக்டர்களைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் வருகிற எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டி, நிதியை ஒரே மூச்சில் துடைத்து வைத்துவிடுவார்கள்.

விதிகள் உண்டு. ஒரே அடுப்பில் சாப்பிடுகிற அத்தனை பேருடைய வருமானமும் ஒரே வருமானம். வீடு சொந்தமா, வாடகையா? விற்றால் காசாகிற பொருள் ஏதும் இருக்கிறதா? தொழில் செய்கிற கருவி இருக்கிறதா, அது ஓடுகிறதா? கடைசியாக, கை கொடுக்கக்கூடிய உறவோ நட்போ உண்டா? இதையெல்லாம் யாராவது நேரில் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அதற்குத்தான் கதவக்கா. அவருக்கு ஓட்டுக் கிடையாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வார். "கட்டில் ஒண்ணு, ஃபேன் ஒண்ணு, அடுப்படிக் கூரை ஒழுகுது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். பாவம் என்றோ பரவாயில்லை என்றோ ஒரு வார்த்தை கூடுதலாக வராது. "நீ என்னம்மா நெனைக்கிறே?" என்று இரும்புக்கடை முதலாளி கேட்டால், "நெனைக்கிறதுக்குத்தான் மூணு பேர் உக்காந்திருக்கீங்களே ஐயா" என்பார்.

அவருக்கும் எனக்கும் வாராவாரம் ஒரு சண்டை நடக்கும். அவர் எந்த வீட்டுக்கும் சொல்லாமல் போகமாட்டார். முதல் நாளே போன் செய்து, இன்ன நேரத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். "இப்படிச் சொல்லிட்டுப் போனா, ஃபிரிட்ஜைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிட்டுக் கிழிஞ்ச பாய்ல உக்காந்திருக்க மாட்டாங்களா?" என்று நான் கத்துவேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒரு நாள் மட்டும் பதில் சொன்னார். "சின்ன வயசுல எங்க வீட்டுக்கு நிவாரணம் குடுக்குறேன்னு ஒருத்தர் சொல்லாம கொள்ளாம வந்தாரு சார். நேரா அடுப்படிக்குப் போயி, சட்டி மூடியத் தூக்கிப் பாத்தாரு. எங்கம்மா அன்னைக்குப் பூரா யார்கிட்டயும் பேசல." அதன் பிறகு நான் சண்டையை நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான். அந்த வாரம் மட்டும் நிறுத்தினேன்.

வீட்டுக்குள் அவர் பேனாவை எடுக்கமாட்டார். வெளியே வந்து, எங்காவது ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் குறித்துக்கொள்வார். இலவசம் என்ற வார்த்தையையும் அங்கே உச்சரிக்க மாட்டார். முடிவு தெரிவதற்கு முன்னால் ஆசை காட்டி மோசம் பண்ணக் கூடாது என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் விடப் பெரிய பிடிவாதம் இன்னொன்று. குழு சரி என்று சொன்னால் போனில் சொல்லிவிடுவார். முடியாது என்றால் நேரில்தான் போவார். கடிதம் போட்டால் போதும் என்று நிர்வாகமே சொல்லிப் பார்த்தது. "முடியாதுன்னு சொல்லிட்டு, அவங்க முகத்தைக்கூடப் பாக்காம இருந்தா எப்படி சார்?" என்று ஒற்றைக் காலில் நின்றார். போய், திட்டு வாங்கிக்கொண்டு வருவார். ஒரு முறை தலை முதல் கால் வரை நனைந்து வந்தார், அன்று மழை இல்லை. கேட்டதற்கு, "நல்ல தண்ணிதான் சார், குடிக்க வச்சிருந்தது" என்றார்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு தையல்காரரின் விவகாரம் வந்தது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. மாற்றினால் பிழைப்பார், தள்ளிப்போட்டால் அடுத்த வருஷம் பார்க்கமாட்டார் என்று டாக்டர் எழுதியிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் தர்ம நிதிக்கு நோயாளி மனுப் போட வேண்டியதில்லை. கேட்கக் கூச்சப்பட்டே பல பேர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்பதால், செலவைக் கேட்டதும் யார் பேச்சில்லாமல் உட்கார்ந்துவிடுகிறார்களோ அவர்கள் பெயரை வார்டு நர்ஸே எங்களுக்கு அனுப்பிவிடுவார். தையல்காரரின் மனைவி அப்படி உட்கார்ந்திருந்தாராம்.

கதவக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, குழுவின் முன்னால் நின்று சொன்னார். "வாடகை வீடு. ஒரே ரூம், ஒரு அடுப்படி. சோபா ஒண்ணு. பெரிய டிவி ஒண்ணு. ஃபிரிட்ஜ் ஒண்ணு. மெத்தை போட்ட கட்டில் ரெண்டு. ஃபேன் மூணு. தையல் மெஷின் ஒண்ணு, மோட்டார் வச்சது, துணியோட இருந்துச்சு. தொழில் எப்படிப் போகுதுன்னு கேட்டேன். ஒரு குறையும் இல்ல, நல்லா இருக்கோம்னாங்க."

"ஒரே ரூமுக்கு மூணு ஃபேனா? எங்க வீட்ல மொத்தமே ரெண்டுதான்" என்றேன்.

பெரிய சிஸ்டர் கொஞ்சம் தயங்கினார். டாக்டர் எழுதியதை மறுபடி எடுத்து வாசித்தார். நான் விதியைச் சொன்னேன். மெஷின் இருக்கிறது, ஓடுகிறது, வீடு நிறையப் பொருள் இருக்கிறது, அவர்களே குறையில்லை என்கிறார்கள். இவருக்குக் கொடுத்தால், ஒன்றுமே இல்லாமல் வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்கு என்ன பதில்? இரும்புக்கடை முதலாளி என் பக்கம் சேர்ந்தார். முடியாது என்று முடிவாயிற்று. எங்களுக்குச் சொல்லப்பட்டதை வைத்து, இன்று கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.

கதவக்கா நகரவில்லை. "சார், இந்தத் தடவ நீங்களும் வாங்க."

"எதுக்கு?"

"முடியாதுன்னு சொல்ல. எனக்கு வாய் வராது. தையல்காரர் சம்சாரம் என் கையைப் புடிச்சிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்து வழியனுப்புச்சு சார்."

போனேன். கடமையுணர்ச்சி ஒரு பாதி. அந்த மூன்று மின்விசிறிகளை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆத்திரம் மறு பாதி. வழக்கம்போல அவர் முதல் நாளே போன் செய்து சொல்லிவிட்டிருந்தார்.

ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், நடுவே ஒரு வண்டி மட்டும் போகும் அளவுக்குத் தெரு. நல்ல வெயில், எல்லாக் கதவுகளும் திறந்தே கிடந்தன. ஒரு வீட்டில் ஒருவர் வெறும் தரையில் அட்டையை விரித்துப் படுத்து, இன்னொரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அடுத்த வாசலில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். தெருப் பிள்ளைகள் பூராவும் தையல்காரர் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு உள்ளே ஓடும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தன. தெரு முழுக்க இல்லாதவர்கள், இவர் ஒருவர் மட்டும் கொழுத்திருக்கிறார், நாம் சொன்னது சரிதான் என்று மனசுக்குள் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கதவக்கா திறந்திருந்த கதவிலேயே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போனார். நானும் கூடப் போய், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் மாதிரி நின்றேன். தையல்காரர் மனைவி வெளியே வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே மூன்று மின்விசிறிகளும் சேர்ந்து சுழன்றன. பேசினால் காற்றில் பேச்சு பறந்துவிடும் போலிருந்தது. சோபா பாதி வாசலை அடைத்துக்கொண்டு கிடந்ததால் கதவைச் சாத்த முடியவில்லை. கட்டிலில் படுத்திருந்த தையல்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். அந்த முயற்சியிலேயே மூச்சு வாங்கி, மறுபடி சாய்ந்துவிட்டார்.

நீட்டி முழக்காமல் சொல்லிவிட நினைத்தேன். "அம்மா, நாங்க மூணு பேரும் உக்காந்து பேசினோம். உங்க வீட்டைப் பத்தி எல்லாம் கேட்டோம். இப்ப இருக்கற நிலைமையில எங்களால முடியாதுன்னு முடிவாயிடுச்சு."

அந்தம்மா முகத்தில் ஈயாடவில்லை. "வீடு பத்தலையா சார்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இன்னும் என்ன வேணும்னு சொல்லுங்க சார். ஏசி இருக்கணுமா? ரெண்டு நாள் டைம் குடுங்க, எப்படியாவது பண்ணிடுறேன்."

வாசலில் எதிர்வீட்டுக்காரம்மா வந்து நின்றிருந்தார். "ஏசி இந்தத் தெருவுல யார்கிட்டயும் இல்லடி" என்றார் கவலையாக. பிறகு என்னைப் பார்த்து, "சார், எங்க வீட்ல இன்னும் ஒரு பீரோ இருக்கு, கண்ணாடி வச்சது. தூக்கிட்டு வரட்டுங்களா?"

வாளியில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணியும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். "நான் அப்பவே சொன்னேன்க்கா, எங்க ஃபிரிட்ஜ் சின்னது, கொஞ்சம் பெருசா யார்கிட்டயாவது கேப்போம்னு."

நான் கதவக்காவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். என் கை பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்து அழுத்தி, "அத உள்ள வைங்க சார்" என்றார். பிறகு எதிர்வீட்டுக்காரம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "இங்க இருக்கறதுல எது எது யாரோடது?"

சொன்னார்கள். கட்டில் ஒன்று எதிர்வீட்டுடையது. இன்னொரு கட்டில், தரையில் அட்டை விரித்துப் படுத்திருந்தாரே, அவருடையது. மின்விசிறிகள் மூன்று வீட்டுச் சொத்து. டிவி தெருக்கோடி வீட்டிலிருந்து வந்தது. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கின, தங்கள் தெரு டிவியை வெளியே நின்று பார்த்துக்கொண்டு. நான் உட்கார்ந்திருந்த சோபாவிலிருந்து பதறி எழுந்தேன். "பரவால்ல சார், உக்காருங்க, அது எங்களுதுதான்" என்றது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

இதற்கெல்லாம் மூல காரணம் அந்தத் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஓர் அம்மா. அவரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து ஒப்புக்கொண்டார். வீடு பார்க்க ஆள் வரும், அவர்கள் பார்த்துச் சரி என்றால் ஆபரேஷன் நடந்துவிடும் என்று வார்டு நர்ஸ் தையல்காரர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எதற்காகப் பார்க்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. "என் ஓரகத்திக்கு வேற ஒரு ஆஸ்பத்திரில, ஆபரேஷன் பண்ணி அனுப்பினா வீட்ல வச்சுப் பாத்துக்க வசதி இருக்கான்னு கேட்டாங்கம்மா. இல்லேன்னா பண்ணவே மாட்டாங்கன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்கென்ன தெரியும்?"

கதவக்கா போய்ப் பார்த்த பிறகும் ஒரு பொருளும் திரும்பிப் போகவில்லை. மறுபடி சோதிக்க வந்தால் என்ன செய்வது என்று அப்படியே விட்டிருக்கிறார்கள். அத்தனை நாளும் அந்தத் தெரு தரையில் படுத்திருக்கிறது, வேர்வையில் கிடந்திருக்கிறது.

"அப்ப மெஷின்?" என்றேன்.

தையல்காரர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். "அவரோட மெஷின மருந்துச் செலவுக்கு எப்பவோ வித்தாச்சு சார்."

கூட்டத்தின் பின்னாலிருந்து, கழுத்தில் இஞ்சு டேப் தொங்க ஓர் ஆள், "என்னுது" என்றார். பக்கத்துத் தெருத் தையல்காரராம். ஒரு வாடிக்கைக்காரர் விஷயத்தில் தகராறு வந்து, இரண்டு பேரும் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகிறதாம். கர்ப்பிணி என் காதில் ஓதினாள்.

"உங்க மெஷின இங்க குடுத்துட்டா உங்க பொழப்பு?" என்று கேட்டேன்.

"ஆபரேஷன் முடியட்டும்" என்றார் சுருக்கமாக. பிறகு, நான் ஏதோ தப்பாக நினைத்துவிடுவேன் என்று பயந்தவர் போல, "அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது சார். அது அப்படியேதான் இருக்கு" என்றார்.

கட்டிலிலிருந்து முதல் தடவையாகத் தையல்காரரின் குரல் வந்தது. மூச்சுக்கு நடுவே, மனைவியைப் பார்த்துச் சொன்னார். "அவன்கிட்ட சொல்லு. பாபின் இழுக்குது. எண்ணெய் போடச் சொல்லு."

நான் எத்தனையோ குடும்பங்களின் கணக்கைப் பார்த்தவன். உறவு என்று வந்து நிற்பவர்கள் பில்லைக் கண்டதும் காணாமல் போவதைத் தினமும் பார்க்கிறவன். அந்த அறையில், யாரோ ஒருவருடைய மின்விசிறிக் காற்றில் நின்றுகொண்டு, நான் அவர்களைப் பார்த்தேன். இப்படியும் மனுஷர்கள் இருப்பார்களா என்று கேட்கக்கூட வழியில்லை, எதிரே வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

கதவக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "என்னையே ஏமாத்திட்டீங்களேடி எல்லாரும் சேந்து!" பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எந்த வீட்டிலும் சொல்லாததை அந்த வீட்டில் சொன்னார். "வீடு நல்லா இருக்கான்னு பாக்க நாங்க வரலம்மா. உங்களால பணம் கட்ட முடியுமான்னு பாக்கத்தான் வந்தோம். முடியாதவங்களுக்கு ஆஸ்பத்திரியே பாத்துக்கும். இலவசம்."

தையல்காரர் மனைவி அதை மெல்ல மெல்ல மனசுக்குள் வாங்கிக்கொண்டார். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். பயம்தான் வந்தது.

"அப்ப சார்... எங்களுக்கு இத்தனை பேர் இருக்காங்களே. ஒரு வார்த்தை சொன்னா ஓடி வர்றவங்க. அதையும் வசதின்னு கணக்குல சேத்துக்குவீங்களா?"

இல்லை என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ விதிகளின் கடைசி வரி ஞாபகம் வந்துவிட்டது. கை கொடுக்கக்கூடிய உறவோ நட்போ உண்டா? ஒரு நொடி தயங்கினேன். அந்த ஒரு நொடியை வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள்.

எதிர்வீட்டுக்காரம்மா ஜன்னலில் தொங்கிய தன் பிள்ளையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கர்ப்பிணி போனாள், இன்னொரு கதவு. மருந்துக்கடை அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, வழி தவறி வந்தவர் போல நடந்தார். பக்கத்துத் தெருத் தையல்காரர் தன் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருவில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. நான் வாசலுக்கு ஓடி வந்து நின்றேன். சாத்திய கதவு ஒன்றுக்குப் பின்னாலிருந்து எதிர்வீட்டுக்காரம்மாவின் குரல் பலமாக வந்தது.

"அவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது சார்!"

"நாங்க இந்தத் தெருவுக்கே புதுசு!" என்றது இன்னொரு கதவு.

நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். வெட்கப்படவில்லை, பார்க்க அங்கே யாருமில்லை.

மறுநாள் குழு மறுபடி கூடியது. கதவக்கா வழக்கம்போல நின்றுகொண்டு, பொருள் ஒன்றொன்றாகச் சொல்லி, எதுவும் அவர்களுடையது இல்லை என்றார். இரும்புக்கடை முதலாளி நம்பமுடியாமல் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பெரிய சிஸ்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து கடைசி வரிக்கு வந்தார். "கை கொடுக்க யாராவது இருக்காங்களா?"

பார்த்ததை மட்டும் சொல்கிறவர் கதவக்கா. பொய் அவர் வாயில் வராது.

"கெளம்பறப்ப நான் திரும்பிப் பாத்தேன் சிஸ்டர். தெருவுல ஒரு ஆள் இல்ல. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சாரும்தான் பாத்தாரு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன். "எல்லாக் கதவும் சாத்தித்தான் இருந்துச்சு."